கடைசி வரிக்கு ஒரு மார்க்

லிஃப்ட் கதவ இழுக்காதீங்க சார். சொன்னா கேளுங்க. நீங்க இழுக்க இழுக்க அது இன்னும் கோணிக்கும், அப்புறம் இந்த இடுக்கும் மூடிக்கிட்டா நான் பேசுறது உங்களுக்குக் கேக்காது. கேக்காம இருந்தா நிம்மதினு தோணுதா? தோணட்டும். ஆனா வெளிய என்ன நடக்குதுனு உங்களுக்குச் சொல்ல இப்போதைக்கு நான்தான் இருக்கேன். மத்த கூட்டத்தையெல்லாம் கீழ அனுப்பிட்டேன். ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொல்லிட்டு, போற போக்குல அந்த சுவிட்ச்சையும் ஒரு தடவ போட்டுப் பாக்கலாமானு கேக்குறாங்க. படிச்சவங்க சார் எல்லாரும்.

மூச்சு முட்டல இல்ல? காத்து வரும், மேல ஓட்ட இருக்கு. லைட்டு எரியுதா? மங்கலா இருக்கா? அது பேட்டரி லைட்டு, அவ்ளோதான் எரியும். எனக்கு இங்கேர்ந்து உங்க ஷூ மட்டும்தான் தெரியுது. லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்குது, நான் ரெண்டாவது மாடியில ஒரு ஸ்டூல போட்டு உக்காந்திருக்கேன், உங்க கால் என் மூஞ்சிக்கு நேரா இருக்கு. பரவால்ல. இத்தன நாளா நீங்களும் நானும் பேசிக்கிட்டது கிட்டத்தட்ட இதே லெவல்லதான்.

நான் யாரா? அதான பாத்தேன். எலக்ட்ரிகல் டிபார்ட்மெண்ட் சார். லேப் பாக்குறவ. உங்களுக்கு லெட்டரா எழுதிக்கிட்டே இருப்பாளே ஒருத்தி, பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்கள் மேலான கவனத்துக்குனு, அவதான். ஞாபகம் வந்துடுச்சா? நீங்க ஒரு பெருமூச்சு விட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

கூட்டத்துக்கு லேட் ஆகுதுனு தெரியும் சார். மேல எல்லாரும் உக்காந்து முந்திரி பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருக்காங்க, உங்கள விட்டுட்டு ஆரம்பிக்க மாட்டாங்க. போன் எடுக்காதா? அந்தப் பெட்டிக்குள்ள சிக்னல் கிடைக்காது. லிஃப்ட் கம்பெனி மெக்கானிக் வந்துட்டாரு. மொட்டை மாடி ரூம்ல இருக்காரு. டொக்கு டொக்குனு ஒரு சத்தம் கேக்குதா? அவர்தான். பிரேக்குல ஏதோ சிக்கிக்கிச்சாம். உள்ள கைய விட்டு எடுத்துட்டு இருக்காரு.

என்னது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கலாமா? சார், நீங்களுமா?

சரி, உங்களுக்கும் சொல்றேன். மெக்கானிக் மேல ஏறுன கொஞ்ச நேரத்துல ஆபீஸ் மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாரு. உங்கள என்ன ஏதுனு கேக்கல. நேரா இந்த லிஃப்ட் பக்கத்துல இருக்குற மெயின் பெட்டிக்குப் போயி, கம்ப்யூட்டர் மாதிரிதான, ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்னு கைய நீட்டிட்டாரு. மேல ஒரு மனுஷன் கை மெஷினுக்குள்ள இருக்கு. இவர் சுவிட்ச்ச போட்டா அந்தக் கை என்னாகும்? நல்லவேள, சுவிட்ச்சுல பூட்டு தொங்கிச்சு. அதப் பாத்ததும் அவருக்கு வந்துச்சு பாருங்க கோவம். யாரு பூட்டுனது, சாவி எங்க, உடனே ஆபீஸ்ல ஒப்படைக்கச் சொல்லுனு குதிக்கிறாரு. அடுத்து எங்க ஹெச்ஓடி வந்தாரு. மின்சாரத்துல டாக்டர் பட்டம் வாங்குனவரு. அவரும் அதையேதான் கேட்டாரு. சாவி எங்கம்மா? அப்புறம் பிரின்சிபால் கீழேர்ந்து போன்ல. சாவி எங்க? சாவி எங்க? ஒருத்தராவது மேல யாராவது வேல பாக்குறாங்களானு கேட்டாங்களா? மாட்டாங்க. நம்ம காலேஜ்ல எதுக்கும் கேக்குற மொத கேள்வியே அதான், சாவி யார்கிட்ட இருக்கு.

பூட்டு யாரு போட்டதா? நம்ம ஆள்தான் சார். சொல்றேன். நீங்க உக்காருங்க மொதல்ல, தரையில உக்காந்தா ஒண்ணும் கொறஞ்சிட மாட்டீங்க. கோட்டு கசங்கும், அவ்ளோதான்.

நான் இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் மில்லுல ஆறு வருஷம் இருந்தேன். மெயின்டனன்ஸ்ல. இந்த காலேஜ் இன்டர்வியூல அத சொன்னேன். பேனல்ல இருந்த ஒருத்தர் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு, அதெல்லாம் சரிம்மா, அனுபவம் எவ்ளோனு கேட்டாரு. அதான் சார் ஆறு வருஷம்னேன். இல்லம்மா, பாடம் நடத்துன அனுபவம். அது இல்லங்க. அப்ப அனுபவம் பூஜ்யம்னு போட்டுக்கோங்கனு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்லிட்டாரு. அன்னிக்கே எந்திரிச்சு வந்திருக்கணும். என் வீட்டுக்காரர் இன்னிக்கு வரைக்கும் கிண்டல் பண்ணுவாரு, பூஜ்யம் வந்துட்டாங்க, பூஜ்யத்துக்கு காபி போடுங்கனு. சிரிச்சுக்குவேன். ஆனா உள்ளுக்குள்ள எரியும்.

மில்லுல மொத நாள் எனக்கு என்ன குடுத்தாங்க தெரியுமா? ஒரு பூட்டு. செவப்புப் பூட்டு. அதுக்கு ஒரே ஒரு சாவி. ஒரு மெஷினுக்குள்ள கைய விடுறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணி, அதுல உன் பூட்டப் போடு, சாவிய உன் பாக்கெட்ல போட்டுக்கோ. உன் கைய மெஷின்லேர்ந்து வெளிய எடுத்தப்புறம், நீயே வந்து நீயே தொற. வேற ஒருத்தரும் தொறக்கக் கூடாது. முதலாளியே வந்து நின்னாலும் சாவியக் குடுக்காத. இதான் சட்டம். பெரிய தத்துவம்லாம் இல்ல, ஒரு பூட்டு, ஒரு பாக்கெட்.

ஒரு தடவ ஒரு ஃபிட்டர் பூட்ட தொறக்க மறந்துட்டு, மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போயிட்டாரு. மெஷின் நிக்குது. மேனேஜர் என்ன பண்ணாரு? சாவிய வாங்கிட்டு வானு ஆள் அனுப்பல. பூட்ட ஒடைக்கல. கார் அனுப்பி, பந்தியில பாதி சாப்பாட்டுல உக்காந்திருந்த மனுஷன எழுப்பிக் கூட்டிட்டு வந்தாரு. சம்பந்தி வீட்டுல ஏதோ போலீஸ் கேஸுனு நெனச்சுட்டாங்களாம். அவர் பட்டு வேட்டியோட வந்து, தன் கையால தொறந்துட்டு, திரும்பப் போயி பாயசம் சாப்பிட்டாரு. நாங்க வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனா அந்த மில்லுல எல்லார் கையும் முழுசா இருந்துச்சு சார்.

இத நான் இங்க சொல்லிக் குடுக்கலாம்னு நெனச்சேன். லேசா ஒரு மணி நேரம் போதும். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு பூட்டு, ஒரு சின்ன மோட்டார், நீயே போடு, நீயே தொற. அவ்ளோதான். கேட்டேன். என்ன சொன்னாங்க? மோட்டார தொட முடியாது மேடம்னாங்க. ஏன்? லேப்ல இருக்குறதுலயே நல்ல மோட்டாரு, இன்ஸ்பெக்ஷனுக்கு காட்டணும்னு கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. மேல சுத்துன பிளாஸ்டிக் கவர கூடப் பிரிக்கல. கண்ணாடிப் பொட்டிக்கு ஒரு பூட்டு. சாவி ஆபீஸ்ல.

சிரிக்கிறீங்களா? இருமுனீங்களா, சரி.

நீங்களும் ஒரு தடவ ஃபாக்டரிக்கு புள்ளைங்கள கூட்டிட்டுப் போகணும்னு ரூல் போட்டீங்களே. போனோம் சார். பஸ்ஸுல பாட்டு பாடிக்கிட்டே போனோம். அங்க ஒரு மஞ்ச ஹெல்மெட் குடுத்தாங்க. ஒண்ணே ஒண்ணு. அத ஒவ்வொருத்தரா மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு கேட்டு வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம். உள்ள விடல. கேன்டீன்ல டீ குடுத்தாங்க, நல்லா இருந்துச்சு. திரும்பி வந்து எல்லா புள்ளைங்களும் ரிப்போர்ட் எழுதுச்சுங்க, தொழிற்சாலையின் இயக்கத்தைக் கண்கூடாகக் கண்டோம்னு. கையெழுத்து போட மாட்டேன்னேன். ஹெச்ஓடி போட்டுட்டாரு.

அப்புறம் வந்துச்சு உங்க பெரிய சீர்திருத்தம். கல்வி வேலைக்கு உதவணும், செயல்முறைத் திறன்னு ஒரு புதுப் பாடம். பேப்பர்லல்லாம் உங்க போட்டோ வந்துச்சு. நான் சந்தோஷப்பட்டேன் சார், நெஜமா. வீட்டுல இனிப்பு வாங்கிட்டு வரச் சொன்னேன். அப்புறம் பாடத்திட்டம் கைக்கு வந்துச்சு. செயல்முறைத் திறன், தியரி பேப்பர். மூணு மணி நேரம், நூறு மார்க், எழுத்துத் தேர்வு. தலையில அடிச்சுக்கிட்டேன். நீச்சல பரீட்சை ஹால்ல உக்கார வெச்சு எழுதச் சொல்றது மாதிரி. அந்த பேப்பர நடத்தவும் என்ன விடல. லேப் பாக்குறவங்க தியரி நடத்தக் கூடாதாம். பேருல செயல்முறைனு இருக்கே சார்னேன். பேருதானம்மானு சொன்னாங்க.

அந்த பேப்பருக்கு கைடு எழுதுனது நீங்கதான, இல்லையா? உங்க பேரு அட்டையில பெருசா இருக்கு. பதினோராம் பக்கம். மின் இயந்திரத்தைப் பழுதுபார்க்கும்போது பின்பற்ற வேண்டிய படிநிலைகள் யாவை? ஏழு மார்க். ஏழு ஸ்டெப். ஒரு ஸ்டெப்புக்கு ஒரு மார்க். சொல்லவா? சுத்தி இருக்குறவங்களுக்குச் சொல்லணும். மெஷின நிறுத்தணும். மெயின ஆஃப் பண்ணணும். பூட்டு போடணும். பேரு எழுதுன அட்டைய தொங்க விடணும். ஒரு தடவ ஸ்டார்ட் பட்டன அழுத்தி, ஓடலைனு உறுதி பண்ணிக்கணும். ஆறும் சரி சார். அழகா எழுதியிருக்கீங்க. ஏழாவது?

மறந்துட்டீங்களா? நீங்க எழுதுனதுதான். பரவால்ல, அப்புறம் வரேன் அதுக்கு.

மேல சத்தம் நின்னு போச்சா? ஆமா, நின்னுடுச்சு. நிக்கட்டும் சார். இத கேளுங்க.

அந்த பேட்ச்சுல ஒரு பொண்ணு இருந்தா. மொதல் பெஞ்சுனு பேரு வெச்சிருந்தோம் அவளுக்கு. எப்பவும் அங்கதான் உக்காருவா, கை தூக்கிக்கிட்டே இருப்பா. அவங்க அம்மா தையல் வேல பாக்குறவங்க, அப்பா இல்ல. லேப்ல எல்லா புள்ளைங்களும் ரீடிங்க போன வருஷ பசங்க கிட்டேர்ந்து காப்பி அடிக்கும். இவ மட்டும், மேடம் எனக்கு வேற ரீடிங் வருதே, மீட்டர் தப்பா நான் தப்பானு வந்து நிப்பா. மீட்டர்தாம்மா தப்பு, அது நீ பொறக்குறதுக்கு முன்னாடியே செத்துப் போச்சுன்னேன். அதுக்கு அவ ஒரு வாரம் உக்காந்து அந்த மீட்டர சரி பண்ணா. அதுக்கு பாராட்டு கெடச்சதா? கேக்காம பிரிச்சதுக்கு வெளக்கம் எழுதி வாங்குனாங்க.

அவ உங்க பேப்பர்ல முழு மார்க் சார். காலேஜ்லயே அவ ஒருத்திதான். பதினோராம் பக்கத்த தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா. மொத ரவுண்டுலயே பிஸ்கட் ஃபாக்டரியில வேல கெடச்சுது, பயிற்சி இன்ஜினியர். அவ போட்டோவ கீழ பலகையில மாட்டியிருக்காங்க, வரும்போது பாத்திருப்பீங்க, ரெட்டச் சடை, பல்லு தெரிய சிரிப்பா. அவங்க அம்மா மொத மொறையா அவளுக்கு பேண்ட் தைச்சுக் குடுத்தாங்க. பாக்கெட் பெருசா வைம்மானு கேட்டு வாங்கிப் போட்டுட்டுப் போனா.

அங்க மாவு பிசையிற மெஷின். ஒரு ரூம் அளவுக்குப் பெருசு. ஒரு நாள் உள்ள ஒரு சென்சார்ல மாவு அப்பிக்கிச்சு. கூட இருந்தவங்க என்ன பண்ணுவாங்க வழக்கமா? ஸ்டாப் பட்டன அழுத்திட்டு, ஒரு குச்சிய விட்டு நோண்டுவாங்க. இவ விடல. அப்படிலாம் பண்ணக் கூடாது, முறைனு ஒண்ணு இருக்குன்னா. பண்ணா சார். எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னா. நிறுத்துனா. மெயின ஆஃப் பண்ணா. ஸ்டோர்ல கேட்டு பூட்டு வாங்கிப் போட்டா. பேரு எழுதுன அட்டைய மாட்டுனா. ஸ்டார்ட் பட்டன அழுத்திப் பாத்தா. ஆறு ஸ்டெப்பு. அப்புறம் ஏழாவது ஸ்டெப்புக்கு, அவ்ளோ தூரம் நடந்து போயி, சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னாடி நின்னு, சாவிய அவர் கையில குடுத்தா.

இப்ப ஞாபகம் வருதா சார் ஏழாவது? சாவியைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு மார்க்.

எங்கேர்ந்து வந்துச்சு சார் உங்களுக்கு அந்த வரி? எந்த ஃபாக்டரியில பாத்தீங்க? பாக்கல. எனக்குத் தெரியும் எங்கேர்ந்து வந்துச்சுனு. இங்கேர்ந்துதான். நம்ம காலேஜ்ல எந்தப் பூட்டப் போட்டாலும் சாவி ஆபீஸுக்குப் போகணும். கண்ணாடிப் பொட்டி சாவி, லேப் சாவி, பாத்ரூம் சாவி கூட. சாவிய கையில வெச்சிருக்குற புள்ளைய திருட்டுப் புள்ளையாதான் பாக்குறோம். சார்கிட்ட குடுத்துட்டியா, மேடம்கிட்ட குடுத்துட்டியா. நாலு வருஷம் அதையேதான் கேட்டுக் கேட்டு வளத்தோம். நீங்க வாழ்நாள் பூரா அத பாத்துட்டு, உலகமே இப்படித்தான் நடக்கும்போலனு எழுதிட்டீங்க.

அந்த சூப்பர்வைசர் என்ன பண்ணாரு? வாங்கி மேஜை மேல வெச்சுட்டாரு. அவருக்கும் தப்பாத் தெரியல. ஏன் தெரியணும், அவரும் இதே மாதிரி ஒரு காலேஜ்ல சாவிய ஒப்படைச்சே வளந்தவருதான். ஷிஃப்ட் முடிஞ்சு கெளம்பிட்டாரு. அடுத்து வந்தவரு பாத்தாரு. மெஷின் நிக்குது, சாவி மேஜையில கெடக்குது, சரி, வேல முடிஞ்சு ஒப்படைச்சுட்டாங்க போலனு எடுத்துட்டுப் போயி தொறந்துட்டாரு. அவ மெஷினுக்கு அந்தப் பக்கம், கீழ குனிஞ்சு, ஓட்டைக்குள்ள கைய விட்டுட்டு இருந்தா. ஃபாக்டரி சத்தத்துல அவ கூப்புட்டது அவருக்குக் கேக்கல.

வலது கை சார். மணிக்கட்டுக்கு மேல வரைக்கும் போச்சு.

இருங்க, பேசாதீங்க. நான் முடிச்சுக்குறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவங்க அம்மா ஒரு ஸ்டூல்ல உக்காந்து இவ சட்டைக்கு பட்டன் போட்டு விட்டுட்டு இருந்தாங்க. பட்டன் போட்டு விடுற வயசா சார் அது? அந்தம்மா என்ன ஒரு வார்த்த திட்டல, திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இவ என்னப் பாத்ததும் அழல. கேட்டா. மேடம், நான் எந்த ஸ்டெப்ப விட்டேன்?

எந்த ஸ்டெப்ப விட்டேன்னு கேக்குறா. படுக்கையில கெடந்துக்கிட்டு ஒண்ணு ரெண்டுனு விரல் விட்டு எண்ணியிருக்கா, எல்லாம் சரியா வருதாம், எங்க தப்புனு தெரியலையாம். நீ ஒண்ணும் விடலமா, எல்லாத்தையும் பண்ணிட்ட, அதான் இப்படி ஆச்சுனு அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து நான் எப்படிச் சொல்ல?

ஃபாக்டரியில என்ன எழுதுனாங்க? பயிற்சியாளரின் கவனக்குறைவு. அதவிட கொடும என்ன இருக்கு சொல்லுங்க. அந்த ஃபாக்டரியிலயே அவ அளவுக்கு கவனமா ஒருத்தரும் இருந்ததில்ல.

அதுக்கப்புறம்தான் உங்களுக்கு எழுத ஆரம்பிச்சேன். கைட கூட முழுசா மாத்தச் சொல்லல. ஒரு வரி. ஒரே வரி சார். சாவிய ஒப்படைக்க வேண்டும்ன்றத எடுத்துட்டு, சாவி பூட்டியவரிடமே இருக்க வேண்டும்னு போடுங்க. அப்புறம் ஒரு மணி நேரம் பூட்டோட லேப்புல விடுங்க, எழுத்துப் பரீட்சை வேணாம். நீங்க என்ன பதில் போட்டீங்க? ஏற்கெனவே விடைத்தாள் திருத்தப்பட்ட மாணவர்களின் மதிப்பெண்ணில் குழப்பம் ஏற்படும்னு. மார்க்குல கொழப்பம் வந்துடுமாம்! அவ கை பத்தி ஒரு சொல்லு இல்ல அதுல. படிச்சுட்டு பாத்ரூமுக்குள்ள போயி தண்ணியத் தொறந்து விட்டுட்டு கத்துனேன். வெக்கமா இல்ல எனக்கு, சொல்லிக்குறேன். உங்க மேல எனக்கு அவ்ளோ கோவம். இந்த லிஃப்ட் நின்னப்ப ஒரு நிமிஷம் நல்லா வேணும்னுதான் தோணுச்சு.

இல்ல, இல்ல, லிஃப்ட நான் நிறுத்தல. ஐயோ, அந்தளவுக்கு கெட்டவ இல்ல. அது தானா நின்னுச்சு. மாசத்துக்கு ரெண்டு தடவ நிக்கும். சர்வீஸுக்குச் சொல்லுங்கனு நாங்க சொல்லுவோம், ஆபீஸ்ல கேக்க மாட்டாங்க. இன்னிக்கு உங்க அதிர்ஷ்டம்.

இன்னிக்கு மேல கூட்டத்துல அந்த கைடு மறுபடியும் அச்சுக்குப் போறத பத்திதான் பேச்சு, எனக்குத் தெரியாதுனு நெனச்சீங்களா? அதே பதினோராம் பக்கத்தோட. புது அட்டை, உங்க புது போட்டோ. அதுல ரெண்டு நிமிஷம் பேச அவளுக்கு அனுமதி கேட்டிருந்தேன். உணர்ச்சிவசப்படுற விஷயங்களுக்கு இது மேடை இல்லனு நீங்க எழுதி அனுப்புனீங்க. சரி, உள்ள விட வேணாம், வரவேற்குற வரிசையிலயாவது நிக்கட்டும்னு பிரின்சிபால்கிட்ட நான்தான் கெஞ்சுனேன். பழைய மாணவினு நிக்க வெச்சாங்க.

ஏன், நீங்க பாத்தீங்களே சார் அவள. அந்தப் பூங்கொத்து இன்னும் உள்ளதான கெடக்கு? உங்க ஷூகிட்ட ஒரு இலை தெரியுது எனக்கு. வாசல்ல அத உங்களுக்குக் குடுத்தது யாருனு பாத்தீங்களா? பொண்ணு ஒருத்தி, தோள்ல துப்பட்டாவ எறக்கிப் போட்டிருந்தா. இடது கையால நீட்டுறாளேனு மூஞ்சிய சுளிச்சீங்க. வலது கையால குடுக்கணும்மா, இதக் கூட இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறதில்லையானு பிரின்சிபாலப் பாத்துச் சிரிச்சீங்க. அவரும் சேந்து சிரிச்சாரு. அவ சாரி சார்னு சொன்னா. எனக்கு அங்கயே உங்க சட்டையப் புடிக்கணும்போல இருந்துச்சு. அவதான் என் கையப் புடிச்சுக்கிட்டா, விடுங்க மேடம்னு.

ம்? ஒண்ணும் சொல்ல வேணாம். இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது.

பூட்டு யாருதுனு கேட்டீங்கள்ல. அவளுதுதான் சார். எப்பவும் பையில வெச்சிருப்பா இப்பல்லாம், செவப்புப் பூட்டு. மெக்கானிக் மேல ஏறுறதுக்கு முன்னாடி, நம்ம டிபார்ட்மெண்ட் முழுக்க உங்க பேரச் சொல்லிக் கத்திக்கிட்டு நிக்கும்போது, அவதான் மெயின ஆஃப் பண்ணி பூட்டப் போட்டா. ஒத்தக் கையால போட்டா. சாவிய பாக்கெட்ல போட்டுக்கிட்டா, அவங்க அம்மா தைச்ச பெரிய பாக்கெட். மேனேஜர் வந்து மெரட்டுனாரு, ஹெச்ஓடி மெரட்டுனாரு, ஆபீஸ்ல குடுனு. குடுக்கல. பாக்கெட்ட அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னா. நாலு வருஷமா சார் சார்னு நின்ன பொண்ணு.

மெக்கானிக்கா? அவர் வேலைய முடிச்சுட்டு எறங்கி வந்து ரொம்ப நேரமாச்சு. சத்தம் நின்னுச்சுல்ல, அப்பவே. கரண்ட்டு குடுத்தா லிஃப்ட் ஏறிடும்னாரு. இப்ப டீ குடிக்கப் போயிருக்காரு. இல்ல சார், என்னால முடியாது. நெஜமா முடியாது, கத்தாதீங்க. பூட்டுனவங்கதான் தொறக்கணும். என்கிட்ட சாவி இல்ல. அவ இங்கதான் நிக்குறா, பெட்டிகிட்ட, ஆரம்பத்துலேர்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் நிக்குறா.

அவகிட்டயே கேளுங்க. தொறம்மானு மொட்டையா வேணாம். அவ ஒரு கேள்வி கேட்டிருந்தாள்ல ஆஸ்பத்திரியில, அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. ஏழாவது ஸ்டெப் என்ன சார்? சாவி யார்கிட்ட இருக்கணும்?

கொஞ்சம் சத்தமா. அவளுக்குக் கேக்கல.

ம். அதான் சார். பூட்டுனவங்ககிட்டயே. இதே வார்த்த. இத மேலயும் சொல்லுங்க, அச்சுலயும் போடுங்க. அவளும் உங்க கூடவே லிஃப்ட்ல மேல வருவா, இடம் இருக்குல்ல?

சரிம்மா, கேட்டுச்சுல்ல? எடு. அவசரமில்ல.

கொஞ்சம் இருங்க சார், எடுத்துட்டு இருக்கா. இடது கை இன்னும் சரியா பழகல அவளுக்கு, நேரம் ஆகும்.